எரியும் கை, இல்லாத கால் - நரம்பு வலியின் கதை

1863-ம் வருடம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஃபிலடெல்ஃபியா நகரில் டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. 400 படுக்கைகள். குண்டு பட்டு நரம்பு அறுந்தவர்கள், நரம்பு நசுங்கியவர்கள் எல்லாம் இங்கே அனுப்பப்பட்டார்கள்.

வார்டுக்குள் போனால் வினோதமான காட்சிகள். ஒரு சிப்பாய் எப்போதும் கையில் ஈரத்துணி சுற்றியே இருப்பான். இன்னொருவன் தண்ணீர் பாட்டிலும் ஸ்பாஞ்சும் இல்லாமல் எங்கேயும் போக மாட்டான். மற்றொருவன் பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் நடப்பான். பக்கத்து ஆள் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டாலே சிலருக்கு வலி கூடிவிடும். அறைக்குள் ஒருவர் அழுத்தமாக நடந்து வந்தால் அந்த அதிர்வே தாங்காது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், குண்டு பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது! வெளியிலிருந்து பார்த்தால் தோல் கொஞ்சம் சிவந்து பளபளப்பாக இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை நெருப்பில் வைத்தது போல எரிந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில்.

"காயம் ஆறிவிட்டதே, பிறகு எங்கே வலிக்கிறது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவ உலகத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்த நூறு வருடக் கதைதான் இது.

ஆள் இல்லாமல் அடிக்கும் காலிங் பெல்

முதலில் ஒரு சின்ன விளக்கம். சாதாரண வலி ஒரு எச்சரிக்கை. அடுப்பில் கை பட்டால் வலிக்கிறது, கையை எடுக்கிறோம். கால் சுளுக்கினால் வலிக்கிறது, நடக்காமல் ஓய்வு எடுக்கிறோம். காயம் ஆறினால் வலியும் போய்விடும்.

நரம்பு வலி அப்படி இல்லை. செய்தியைக் கொண்டுபோகிற நரம்பே பழுதாகிவிட்டது. வாசலில் யாருமே இல்லை, ஆனால் ஒயரில் கோளாறு என்பதால் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்து என்ன பிரயோஜனம்?

பிரெஞ்சு தத்துவ அறிஞர் ரெனே டெகார்ட் வலியைப் பற்றிச் சொன்னதும் மணி உதாரணம்தான். அவர் இறந்த பிறகு 1664-ல் பிரெஞ்சில் வெளிவந்த நூலில், நெருப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டியிருக்கும் ஒருவனின் படம் உண்டு. காலில் இருந்து மூளை வரை ஒரு கயிறு போகிறது. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு வலி.

எளிமையான படம். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. கயிற்றை யாரும் இழுக்காதபோது மணி அடிக்கிறது என்று ஒருவன் சொன்னால், இந்தப் படத்தின்படி அவன் பொய் சொல்கிறான், அல்லது அவனுக்கு மனக்கோளாறு! நரம்பு வலிக்காரர்கள் இந்த இரண்டு பட்டங்களையும் பல தலைமுறைகளாகச் சுமந்தார்கள்.

மீனும் அபினும்

வலிக்கு வைத்தியம் தேடுவது மனிதன் தோன்றிய நாளிலிருந்து நடக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் இருந்தார். சக்கரவர்த்தி கிளாடியஸ் காலத்தவர். மின்சாரம் பாய்ச்சும் திருக்கை வகை மீன் ஒன்று கடலில் உண்டு. தீராத தலைவலிக்கு அந்த மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொன்னார். பாதத்தில் கவுட் எனும் மூட்டு வாத வலி இருந்தால் ஈரமான கடற்கரையில் மீனின் மேல் காலை வைத்துக்கொண்டு, முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்த மீனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

இன்னொரு மருந்து அபின். பல நூற்றாண்டுகளாக வலிக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்டுர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினில் இருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார்.

நரம்பு வலியில் மிகக் கொடுமையான ஒன்று முகத்தில் வருவது. டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். பல் தேய்க்கும்போதோ காற்று படும்போதோ கன்னத்தில் ஷாக் அடித்தது போல வெட்டி இழுக்கும். 1677-ல் பாரிஸில் இங்கிலாந்துத் தூதரின் மனைவி நார்தம்பர்லேண்ட் சீமாட்டிக்கு இந்த வலி வந்தபோது, வைத்தியம் பார்க்க அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? ஜான் லாக்! அரசியல் தத்துவப் பாடத்தில் வரும் அதே லாக்தான். அவர் மருத்துவமும் படித்தவர். சீமாட்டி பட்ட பாட்டை அவர் கடிதங்களில் விவரமாக எழுதிவைத்தார். 1756-ல் நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு சர்ஜன் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தார். 1773-ல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் அதன் அறிகுறிகளைத் தெளிவாக விவரித்தார்.

பெயர் வைத்தாயிற்று, வைத்தியம்? அந்தக் கால சர்ஜன்கள் முகத்தில் ஓடும் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். பல சமயம் தவறான நரம்பை வெட்டினார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. இதை 1820-களில் சார்லஸ் பெல் தெளிவுபடுத்தும் வரை, வாய் கோணிப்போய், வலியும் போகாமல் அவதிப்பட்டவர்கள் உண்டு. இந்த வலியைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஊசி பிறந்ததே நரம்பு வலிக்காகத்தான்

இன்று காய்ச்சலுக்கு ஊசி, தடுப்பூசி, இன்சுலின் ஊசி என்று எல்லாவற்றுக்கும் ஊசி. ஆனால் தோலுக்குக் கீழே மருந்து செலுத்தும் முறை முதலில் பிறந்தது நரம்பு வலிக்காக என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

1844-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிரான்சிஸ் ரிண்ட் என்ற டாக்டர், முக நரம்பு வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு மார்ஃபினைக் கிரியோசோட்டில் கரைத்துத் தோலுக்கு அடியில் இறக்கினார். 1853-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்ற டாக்டர் பீச்சாங்குழல் மாதிரியான சிரிஞ்சை வைத்து, கழுத்திலும் தோளிலும் நரம்பு வலி இருந்த ஒரு மூதாட்டிக்கு மார்ஃபின் ஏற்றினார். வலி போய்விட்டது.

வலிக்கிற இடத்திலேயே மருந்தை விட்டால் அங்கேயே வேலை செய்யும் என்பது வுட்டின் நம்பிக்கை. லண்டனில் சார்லஸ் ஹன்டர் என்ற டாக்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். எங்கே ஊசி போட்டாலும் மருந்து ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் பரவுகிறது என்று காட்டினார். அப்படியானால் வாயால் சாப்பிட்டு அடிமையாவது போல ஊசியாலும் அடிமையாகலாம். உலகம் இதைப் புரிந்துகொள்வதற்குள் ஏராளமானவர்கள் மார்ஃபினுக்கு அடிமையாகிவிட்டார்கள். வலி நிவாரணத்தின் வரலாற்றில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 1996-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரையின் கதையும் இதேதான். அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-ல் பர்டூ நிறுவனம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நம்பிய டாக்டர், நம்பாத டாக்டர்

மறுபடி ஃபிலடெல்ஃபியாவுக்கு வருவோம். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரின் பெயர் சைலஸ் வீர் மிட்செல். அவருடன் ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற இரண்டு டாக்டர்கள். மூவரும் ராத்திரி பகலாக நோயாளிகள் சொல்வதைக் குறிப்பு எடுத்தார்கள். 1864-ல் அவர்கள் வெளியிட்ட சிறிய புத்தகம் நரம்புக் காயங்களைப் பற்றிய முதல் முக்கியமான நூல்களில் ஒன்று. எரியும் வலிக்கு மிட்செல் பிறகு காஸால்ஜியா என்று பெயர் வைத்தார். வெப்பம், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

கை கால் வெட்டி எடுக்கப்பட்டவர்களையும் மிட்செல் கவனித்தார். இல்லாத கால் இருப்பதாக உணர்ந்தார்கள். இல்லாத விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்துவதாகச் சொன்னார்கள். இதற்கு மிட்செல் 1871-ல் வைத்த பெயர்தான் "ஆவி உறுப்பு" என்று பொருள்படும் ஃபான்டம் லிம்ப். மருத்துவப் பத்திரிகையில் எழுதுவதற்கு முன்னாலேயே 1866-ல் இதை ஒரு சிறுகதையாகப் பெயர் போடாமல் எழுதினார். கை கால் நான்கையும் இழந்த ஒருவனின் கதை. வாசகர்கள் அதை நிஜம் என்று நம்பி அந்தக் கற்பனை மனிதனுக்காகப் பணம் திரட்டினார்களாம்!

இதே மூன்று டாக்டர்களும் அதே 1864-ல் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். போருக்குப் போகாமல் தப்பிக்க நோய் இருப்பதாக நடிக்கும் சிப்பாய்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அதன் விஷயம். ஈதர் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்தி, தெளியும்போது உளறுகிறானா, முடங்கிய கை அசைகிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

அதோடு முடியவில்லை. போருக்குப் பிறகு மிட்செல் மனச்சோர்வும் களைப்பும் உள்ள பெண்களுக்கு "ஓய்வு சிகிச்சை" என்று ஒன்றைக் கொடுத்துப் புகழ் பெற்றார். படுக்கையை விட்டு எழக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. 1887-ல் அந்தச் சிகிச்சைக்கு ஆளான எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அதனால் தன் நிலைமை இன்னும் மோசமானதை வைத்து 1892-ல் ஒரு புகழ்பெற்ற கதையே எழுதிவிட்டார்.

சிப்பாயின் வலியை நம்பிய டாக்டர், ஒரு பெண் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வலியை அளக்க தெர்மாமீட்டர் மாதிரி கருவி எதுவும் கிடையாது. நோயாளியின் வார்த்தை மட்டும்தான் சாட்சி. யாருடைய வார்த்தையை நம்புவது என்பதை அந்தந்தக் காலத்தின் சமூகம்தான் தீர்மானித்தது.

1895-ல் மிட்செலின் மகன் ஜான், அவரும் டாக்டர், அப்பாவிடம் சிகிச்சை பெற்ற பழைய சிப்பாய்களைத் தேடிப்பிடித்து ஒரு புத்தகம் எழுதினார். போர் முடிந்து 30 வருடங்கள். சிலருக்கு அப்போதும் வலி இருந்தது.

வெட்டினால் தீருமா?

கயிறுதான் மணியை அடிக்கிறது என்றால் கயிற்றை வெட்டிவிட்டால் போச்சு! 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்ஜன்கள் இப்படித்தான் யோசித்தார்கள். 1911-ல் ஃபிலடெல்ஃபியாவிலேயே, ஸ்பில்லர் என்ற நரம்பியல் டாக்டரின் யோசனைப்படி மார்ட்டின் என்ற சர்ஜன் முதுகுத் தண்டில் வலி செல்லும் பாதையை வெட்டினார். முதல் உலகப்போரில் பிரான்ஸைச் சேர்ந்த ரெனே லெரிஷ், காஸால்ஜியா வந்த சிப்பாய்களுக்கு ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள தானியங்கி நரம்புகளை அகற்றிப் பார்த்தார்.

சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பலருக்கு சில மாதங்களிலோ சில வருடங்களிலோ வலி திரும்பி வந்தது. சிலருக்கு முன்னைவிட மோசமாக! விரலை வெட்டி, கையை வெட்டி, நரம்பை வெட்டி, தண்டுவடத்தையும் வெட்டிய பிறகும் வலி போகவில்லை என்றால், டெகார்ட்டின் கயிறு எங்கேயோ தப்பு.

லெரிஷ் 1937-ல் எழுதிய வலி அறுவை சிகிச்சை பற்றிய நூலில் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். வலி எப்போதும் நமக்கு உதவி செய்யும் எச்சரிக்கை அல்ல, நாட்பட்ட வலி தானே ஒரு நோய் என்றார். அன்றைக்கு இது புதிய சிந்தனை.

மல்யுத்தம் செய்த டாக்டர்

ஜான் பொனிக்கா 1917-ல் இத்தாலியின் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. மருத்துவக் கல்லூரிச் செலவுக்காக முகமூடி போட்டுக்கொண்டு தொழில்முறை மல்யுத்தம் செய்தார். பகலில் டாக்டர் படிப்பு, ராத்திரி மல்யுத்த மேடை!

இரண்டாம் உலகப்போரின்போது வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெரிய ராணுவ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவரானார். மிட்செல் பார்த்த அதே நோயாளிகள் அவரிடமும் வந்தார்கள். மருத்துவ நூல்களைப் புரட்டினார். வலியைப் பற்றிச் சொற்பப் பக்கங்களே இருந்தன. உடனே வேறு வேறு துறை டாக்டர்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்து ஒரே நோயாளியைப் பற்றி எல்லோரும் பேசும்படி செய்தார். வலி கிளினிக் என்ற யோசனை இப்படித்தான் வளர்ந்தது. 1953-ல் அவர் எழுதிய "வலி மேலாண்மை" பற்றிய பெரிய புத்தகம் அந்தத் துறைக்கே அஸ்திவாரம். 1973-ல் அவர் கூட்டிய மாநாட்டில் இருந்துதான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் பிறந்தது.

மேடையில் வாங்கிய அடிகளால் பொனிக்காவுக்கே வாழ்நாள் முழுக்க வலி இருந்தது. பல ஆபரேஷன்கள் செய்துகொண்டார். வலி என்றால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்தது

1965-ல் திருப்புமுனை. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த நரம்பியலாளர் பேட்ரிக் வால் இருவரும் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதுகுத் தண்டில் ஒரு "கதவு" இருக்கிறது என்றார்கள்.

முழங்கால் மேசையில் இடித்தால் கை தானாகவே அங்கே போய்த் தேய்க்கிறது அல்லவா? தேய்த்தால் வலி குறைகிறதே, ஏன்? தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்பு இழைகள் கதவைச் சாத்துகின்றன. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் திறக்கின்றன. மேலே இருந்து மூளையும் கட்டளை அனுப்பி அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கவோ மூடவோ செய்யலாம். பயம், கவலை, கவனம் எல்லாம் வலியைக் கூட்டிக் குறைப்பது இதனால்தான்.

இந்தக் கொள்கையின் சில நுணுக்கங்கள் பிறகு தவறு என்று ஆனது. ஆனால் மூலக்கருத்து நிலைத்தது. 1983-ல் கிளிஃபர்ட் வுல்ஃப் இன்னொரு உண்மையைக் காட்டினார். தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவட நரம்பு செல்களே அதிக உணர்ச்சி கொண்டவையாக மாறிவிடுகின்றன. அதற்குப் பிறகு துணி உரசினால்கூட வலிக்கும். டர்னர்ஸ் லேனில் செய்தித்தாள் சத்தத்துக்குத் துடித்த சிப்பாய் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. 120 வருடங்கள் கழித்து சாட்சி கிடைத்தது!

கதவைச் சாத்த தொடு நரம்புகளைத் தூண்டினால் போதும் என்றால், மின்சாரத்தால் தூண்டலாமே? 1967-ல் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற சர்ஜனும் அதைச் செய்து பார்த்தார்கள். அதே வருடம் நார்மன் ஷீலி என்ற சர்ஜன் முதுகுத் தண்டில் மின்கருவி பொருத்தினார். இன்று பிசியோதெரபி கிளினிக்குகளில் தோலில் ஒட்டி வைக்கும் டென்ஸ் கருவி இந்த வழியில் வந்ததுதான். ரோமானிய மருத்துவரின் மீன் ஞாபகம் வருகிறதா?

வேறு நோய்க்கு வந்த மாத்திரைகள்

நரம்பு வலிக்கு பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பலன் தரும் மருந்துகள் பலவும் வேறு நோய்க்காக வந்தவை.

சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனியில் 1953-ல் உருவான கார்பமாசெபின் வலிப்பு நோய் மருந்து என்றுதான் இன்றும் பலருக்குத் தெரியும். 1962-ல் அது முக நரம்பு வலியை அடக்குவதை புளோம் என்ற ஸ்வீடன் டாக்டர் தெரிவித்தார். அதற்குப் பிறகு பலருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. மாத்திரை கேட்காதவர்களுக்கு, நரம்பை அழுத்தும் ரத்தக் குழாயை விலக்கி வைக்கும் ஆபரேஷனை 1960-களின் கடைசியில் பீட்டர் ஜானெட்டா செய்து காட்டினார்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மாத்திரை. அக்கி வந்து கொப்புளம் ஆறிய பிறகும் பலருக்கு அந்த இடத்தில் எரிச்சல் வருடக்கணக்கில் நீடிக்கும். அதற்கு இந்த மாத்திரை பலன் தருவதை 1982-ல் ஒரு ஆய்வு காட்டியது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறைந்தது. அதனால் டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தால் "என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்" என்று கோபப்பட வேண்டியதில்லை!

அடுத்தது கபாபென்டின். 1993-ல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் அனுமதி இல்லாத பல நோய்களுக்கும் கம்பெனி அதை டாக்டர்களிடம் பரப்பியது. அங்கே வேலை பார்த்த டேவிட் ஃபிராங்க்ளின் 1996-ல் வழக்குப் போட்டார். 2003-ல் மட்டும் சுமார் 270 கோடி டாலருக்கு இந்த மாத்திரை விற்றது. 2004-ல் வார்னர்-லாம்பர்ட் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. வருமானத்தையும் அபராதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லாப நஷ்டக் கணக்கு தானாகப் புரியும்.

இதில் விசித்திரம், சில நரம்பு வலிகளுக்கு இந்த மருந்து உண்மையிலேயே பலன் தருகிறது. 1998-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் அக்கிக்குப் பிந்தைய வலிக்கும் பலனைக் காட்டின. 2002-ல் அக்கி வலிக்கு முறையான அனுமதியும் கிடைத்தது. 2004-ல் அதன் தம்பி பிரிகாபலினும் டுலாக்ஸிடினும் வந்தன.

ஆனால் எந்த மாத்திரையும் எல்லோருக்கும் கேட்பதில்லை. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமானால் அமிட்ரிப்டிலின் வகையை சுமார் 4 பேருக்கும், பிரிகாபலினை சுமார் 8 பேருக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. மீதிப் பேருக்கு ஓரளவு பலனோ, அல்லது தலைசுற்றலும் தூக்கமும் மட்டுமோதான். அதனால்தான் ஒன்று கேட்காவிட்டால் டாக்டர் இன்னொன்றுக்கு மாற்றுகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

ஒரு கண்ணாடி, ஒரு அட்டைப் பெட்டி

மிட்செல் பெயர் வைத்த ஆவி உறுப்புக்கு விடை தேடியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர். இந்திய அரசியலமைப்பை உருவாக்கிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்.

கலிஃபோர்னியாவில் அவரிடம் வந்த நோயாளிகள் சிலருக்கு, இல்லாத கை இறுக்கி மூடிய நிலையில் மாட்டிக்கொண்டு வலித்தது. கை இல்லை, எப்படி விரிப்பது? ராமச்சந்திரன் ஒரு அட்டைப் பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை உள்ளே விட்டு கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பிம்பம், இழந்த கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிவது போலத் தோன்றும். சிலருக்கு அந்த நொடியிலேயே பிடிப்பு விட்டது! 1990-களின் நடுவில் இதை அவர் வெளியிட்டார்.

2007-ல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆஸ்பத்திரியில், போரில் கால் இழந்தவர்களை வைத்துச் சின்ன அளவில் ஒரு சோதனை நடந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. துணி போட்டு மூடிய கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பலன் இல்லை. பிறகு நடந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை, எல்லோருக்கும் இது கேட்பதில்லை. ஆனால் சில ரூபாய்க் கண்ணாடி, பக்க விளைவு அநேகமாகக் கிடையாது. முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மிளகாய், நத்தை, வலியே தெரியாத சிறுவன்

மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. இதை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த நரம்பு நுனிகளை அளவுக்கு மீறித் தூண்டினால் அவை சில காலம் செயலிழந்துவிடும். 8 சதவீத கேப்சைசின் பட்டைக்கு 2009-ல் அக்கி வலிக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவெரா கடலில் வாழும் கூம்பு நத்தையின் விஷத்தை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் இருந்து வந்த ஜிகோனோடைடு மருந்து 2004-ல் அனுமதி பெற்றது. தண்டுவடத் திரவத்தில் நேரடியாகச் செலுத்த வேண்டும் என்பதால் கடைசிக் கட்டத்தில்தான் பயன்படுகிறது.

2006-ல் பாகிஸ்தானின் வட பகுதியில் இருந்து ஒரு ஆச்சரியமான செய்தி. தெருவில் கையில் கத்தியைக் குத்திக்கொண்டும் நெருப்பில் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவனுக்கு வலி என்பதே தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் பரிசோதிப்பதற்கு முன்பே, 14 வயது நிறையும் முன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக்குடும்பங்களில் வலி தெரியாத மற்றவர்களை ஆராய்ந்தபோது, நரம்பில் சோடியம் நுழையும் வாயில் ஒன்றின் மரபணு பழுதாகி இருந்தது. வலியே இல்லாத வாழ்க்கை வரம் அல்ல என்பதற்கு அந்தச் சிறுவனே உதாரணம். அதே வகை வாயில்களைக் குறிவைக்கும் மருந்துகளைத் தேடும் வேலைக்கு அது வேகம் கொடுத்தது. அந்தக் குடும்பத்து வாயில்களில் இன்னொன்றை அடைக்கும் சூசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது திடீர் வலிக்கு மட்டும்தான். நாட்பட்ட நரம்பு வலிக்கு அந்த அனுமதி பொருந்தாது.

நம் நாட்டில்

நரம்பு வலிக்கு மார்ஃபின் முதல் தேர்வு இல்லை. ஆனால் புற்றுநோய்க் கட்டி நரம்பை அழுத்தும்போது அது இல்லாமல் முடியாத நிலை வரும். இந்தியா சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், லைசென்ஸ் வாங்க அலைந்து வெறுத்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்குவதை நிறுத்தின. 1985 வாக்கில் நாட்டில் வருடத்துக்கு 500 கிலோவுக்கு மேல் பயன்பட்ட மார்ஃபின் 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. ஏற்றுமதி செய்த சரக்கு வெளிநாட்டு நோயாளியின் வலியைக் குறைத்தது. விளைந்த நாட்டு நோயாளி துடித்தார்.

இந்த நிலையில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். கேரளாவின் இந்த முறையை உலகமே உதாரணமாகக் காட்டுகிறது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு ஒரே லைசென்ஸ் போதும் என்றானது.

சர்க்கரை நோய் பெருகிய நம் ஊரில் நரம்பு வலி தூரத்து விஷயம் இல்லை. ராத்திரி பாதம் எரிகிறது என்று மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டிப் படுக்கும் தாத்தாவும், காலை ஈரத்தரையில் வைக்கும் பாட்டியும் பூட்ஸில் தண்ணீர் ஊற்றிய அந்தச் சிப்பாயின் சொந்தக்காரர்கள்தான். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் நரம்பு மேலும் கெடுவதைக் குறைக்கலாம். ஒரு மாத்திரை கேட்காவிட்டால் வேறு உண்டு. உடற்பயிற்சி, நல்ல தூக்கம், மன ஆலோசனை எல்லாம் கதவைக் கொஞ்சம் சாத்த உதவும். முழுதாகப் போகாவிட்டாலும், வலி பாதியாகக் குறைந்தாலே ராத்திரி தூங்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட வலிக்குத் தனி வகைப்பாடு கொடுத்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாட்பட்ட நரம்பு வலிக்கு அதில் தனி எண் உண்டு. டர்னர்ஸ் லேன் சிப்பாய்களுக்கு நோய் இருக்கிறது என்று புத்தகத்தில் பதிவாக 150 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆகவே வீட்டில் யாராவது கால் எரிகிறது என்று சொன்னால், முதலில் அதை நம்புங்கள். பிறகு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.